தேர்வில் முதலிடம், பிறகு நூல் மில்: சீனத் தொழிலதிபர் ஜாங் ஜியென் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாங் ஜியென் யார்?

யாங்சி ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், வடகரையில் நான்தோங் என்ற ஊர் இருக்கிறது. ஷாங்காய்க்குப் பக்கம்தான், ஆனால் ஆற்றுக்கு மறுபுறம். அந்த ஊரில் 1899-இல் தாஷெங் என்ற நூற்பாலையைத் தொடங்கியவர் ஜாங் ஜியென் (1853–1926). மில் முதலாளி என்று மட்டும் சொன்னால் ஆளைப் பாதிகூடச் சொன்னதாகாது. சீனப் பேரரசின் அரசுத் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக வந்தவர் அவர். அந்தப் பட்டம் வாங்கியவர் நூல் வியாபாரத்தில் இறங்குவதை அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த நூலில் வந்த காசைக்கொண்டு ஒரு ஊரையே கட்டினார். கடைசியில் அந்த ஊரின் பாரமே மில்லை அழுத்தியது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் அந்தக் கதைதான்.

பணக்காரக் குடும்பமா?

இல்லை. நான்தோங்கை ஒட்டிய ஹாய்மென் வட்டாரத்தில் சாங்ல என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பம். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு பீங்கான் பாத்திர வியாபாரமும் செய்தவர்.

அந்தக் காலத்தில் மூன்று தலைமுறையாகப் படித்துத் தேறியவர் இல்லாத குடும்பத்துப் பையன் தேர்வு எழுதுவது பெரும்பாடு. ஜாமீன் சொல்ல ஆள் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். அப்படிப்பட்ட வீடுகளைக் ‘குளிர்ந்த பதிவு’ என்றே சொன்னார்கள். அதனால் 1868-இல், பதினைந்து வயதில், பக்கத்து ருகாவ் வட்டாரத்தில் இன்னொரு ஜாங் குடும்பத்தின் பேரன் என்று பெயர் கொடுத்துத் தேர்வு எழுத வைத்தார்கள். பையன் தேறிவிட்டான். அதோடு தொல்லையும் தொடங்கியது. பெயர் கொடுத்த குடும்பம் ஆண்டுக்கணக்கில் பணம் கேட்டு நெருக்கியது, புகார் செய்தது. 1873-இல் தலைநகர் வரை முறையீடு போய் சொந்த ஊர்ப் பதிவு திரும்பக் கிடைப்பதற்குள் வீடு கடனில் மூழ்கிவிட்டது.

பின்னாளில் ஊர் முழுக்கப் பள்ளிகள் திறந்தவர் இவர். இந்தப் பழைய காயத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

தேர்வில் முதலிடம் பெற எவ்வளவு காலம் ஆனது?

முதல் தேர்வு 1868, முதலிடம் 1894. மொத்தம் இருபத்தாறு ஆண்டு. நடுவில் வயிற்றுப்பாட்டுக்காகப் படைத்தளபதி வூ சாங்சிங்கிடம் எழுத்தராக இருந்தார். 1882-இல் அந்தப் படையோடு கொரியாவுக்கும் போய்வந்தார். பின்னாளில் சீனக் குடியரசின் தலைவரான யுவான் ஷிகாய் அப்போது அதே முகாமில் இருந்த இளைஞர். அவருக்கு ஜாங் ஜியென் எழுத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

பெய்ஜிங்கில் நடக்கும் உயர்தேர்வில் 1886, 1889, 1890, 1892 என்று நான்கு முறை தோற்றார். 1892-இல் நடந்தது கொடுமை. இவரை மேலே கொண்டுவர விரும்பிய மூத்த அமைச்சர் வெங் தோங்ஹ, பெயர் மறைக்கப்பட்ட தாள்களில் ஒன்றை இவருடையது என்று நினைத்து உயர்த்திவிட்டார். அது வேறொருவருடையது. நொந்துபோய் இனித் தேர்வே வேண்டாம் என்று ஊருக்குத் திரும்பியவரை, வயதான அப்பா இன்னும் ஒரே ஒரு முறை எழுதச் சொன்னார். 1894-இல் பேரரசித்தாய் சிசியின் அறுபதாம் பிறந்தநாளுக்காக நடந்த சிறப்புத் தேர்வு அது. அதில் ‘சுவாங்யுவான்’ ஆனார், அதாவது நாட்டில் முதல்வர். அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. சில மாதங்களில் அப்பா இறந்துபோனார். வழக்கப்படி துக்கம் காக்க ஊர் திரும்பினார்.

அந்தப் பட்டத்தோடு மந்திரி ஆகியிருக்கலாமே, ஏன் மில்?

அவர் ஊர் திரும்பிய நேரத்தில் ஜப்பானோடு போர் நடந்துகொண்டிருந்தது. சீனா தோற்றது. 1895 ஏப்ரலில் கையெழுத்தான ஷிமோனோசெகி உடன்படிக்கையில் தைவான் போனது, பெரும் இழப்பீடு போனது. ஜாங் ஜியெனை உறுத்தியது அதிலிருந்த இன்னொரு பிரிவு. ஜப்பானியர் சீனத் துறைமுக நகரங்களிலேயே தொழிற்சாலை வைத்துக்கொள்ளலாம் என்றது அது. ஜப்பானுக்குக் கிடைத்த சலுகை மற்ற வல்லரசுகளுக்கும் தானாகவே கிடைக்கும். அதாவது சீனப் பருத்தியை வாங்கி, சீனக் கூலியைக் கொண்டு நூற்று, சீனர்களுக்கே விற்பார்கள்.

அந்த ஆண்டுக் கடைசியில், நான்ஜிங்கில் ஆளுநராகப் பொறுப்பிலிருந்த ஜாங் ஜிதுங் (பெயர் ஒன்றுபோல இருக்கிறது, உறவு கிடையாது) நான்தோங்கில் ஒரு நூற்பாலை தொடங்கும்படி இவரைக் கேட்டுக்கொண்டார். கற்றவன் வணிகம் செய்வதா என்ற தயக்கம் இவருக்கு இருந்தது. ஆனால் படித்தவர்கள் வெறும் பேச்சோடு நின்றுவிடுகிறார்கள் என்ற குறை நெடுநாளாகவே அவர் மனதில் உண்டு. சரி என்று ஒப்புக்கொண்டார்.

மில் வைக்க ஷாங்காய்தானே வசதி? ஏன் நான்தோங்?

மூன்று காரணங்கள், மூன்றும் பஞ்சோடு தொடர்புள்ளவை. அந்த வட்டாரப் பருத்தி சீனாவின் நல்ல பருத்திகளில் ஒன்று, அது மில் வாசலிலேயே விளைந்தது. இரண்டாவது, வீட்டுக்கு வீடு கைத்தறி. அங்கே நெய்த தடித்த துணி வடகிழக்கில் மஞ்சூரியாவின் குளிருக்கு ஏற்றது என்று பெயர் வாங்கியிருந்தது. மூன்றாவது, கையால் நூற்பதை விட்டுவிட்டு மில் நூலை வாங்கித் தறியில் ஏற்றும் பழக்கம் நெசவாளர்களிடம் ஏற்கெனவே வந்துவிட்டது.

அப்படி வந்த மில் நூல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனது. 1880, 90-களில் பம்பாய் மில்களின் பெரிய சந்தையே சீனாதான். 10, 20 நம்பர் தடித்த நூல் (நம்பர் குறையக் குறைய நூல் தடிக்கும்) கப்பல் கப்பலாகப் போனது. தாஷெங் நூற்றதும் அதே வகை, முக்கியமாக 12-ஆம் நம்பர். ஆக, அந்த மில் எதிர்கொண்ட முதல் போட்டியாளர்களில் இந்திய மில்களும் உண்டு.

பணம் எங்கிருந்து வந்தது?

வரவேயில்லை என்பதுதான் முதல் மூன்றரை ஆண்டின் கதை. ஷாங்காயிலும் நான்தோங்கிலும் ஆறு வணிகர்களைச் சேர்த்து ஆறு லட்சம் லியாங் வெள்ளி திரட்டுவது திட்டம். (ஒரு லியாங் ஏறக்குறைய 37 கிராம்.) ஆறு பேரில் சிலர் ஒதுங்கிக்கொண்டார்கள். மற்றவர்களும் பணம் போடத் தயங்கினார்கள். நூல் மில் வைத்தவர்கள் ஷாங்காயிலேயே திணறிக்கொண்டிருக்கும்போது, ஒரு புலவரை நம்பி யார் காசு போடுவார்?

கடைசியில் அரசாங்கம் ரொக்கத்துக்குப் பதிலாக இயந்திரம் தந்தது. ஹூபெய் மாநில மில்லுக்காக ஜாங் ஜிதுங் முன்பு இங்கிலாந்திலிருந்து வாங்கிய கதிர்கள் (நூலை முறுக்கிச் சுற்றும் சுழல்தண்டுகள்) ஷாங்காய்க் கப்பல்துறையில் பெட்டியோடு துருவேறிக் கிடந்தன. மொத்தம் 40,800 கதிர்கள். அதில் பாதி, 20,400 கதிர்களை, இரண்டரை லட்சம் லியாங் பெறும் அரசுப் பங்காக இவர் தலையில் கட்டினார்கள். மறுபாதியை எடுத்துக்கொள்ள ஒப்பியவர் அன்றைய பெரும் தொழிலதிகாரி ஷெங் ஷுவான்ஹுவாய். நடப்பு முதலுக்குப் பணம் திரட்டித் தருகிறேன் என்று அவரும் இன்னோர் அதிகாரியும் வாக்குக் கொடுத்தார்கள். எழுத்தாகவே கொடுத்தார்கள். பணம் வரவில்லை. ஜாங் ஜியென் கடிதம் எழுதினார், நேரில் போய்க் கெஞ்சினார். ஷாங்காயில் தங்கும் செலவுக்கும் வழிச்செலவுக்கும் தூரிகையால் அழகெழுத்து எழுதி விற்றார். சுவாங்யுவானின் எழுத்துக்கு விலை உண்டு, அந்த மட்டில் பட்டம் உதவியது. மில் பணத்திலிருந்து தனக்கென்று ஒரு காசு எடுக்காமல், நான்ஜிங் கல்விக்கூடத்தில் கிடைத்த சம்பளத்தில் குடும்பத்தை நடத்தினார்.

இந்தக் காலத்தில் அவரைக் கைவிடாதவர் ஷென் ஜிங்ஃபு என்ற உள்ளூர்த் துணி வணிகர். தாஷெங் வரலாற்றில் ஜாங் ஜியென் பெயருக்கு அடுத்ததாக இவர் பெயரைத்தான் எழுத வேண்டும் என்பேன். 1899 மே மாதம் மில் ஓடத் தொடங்கியபோது கையில் பஞ்சு வாங்கக் காசில்லை. மில்லை வேறு யாருக்காவது குத்தகைக்கு விட்டுவிடலாமா என்று பேச்சுவார்த்தையே நடந்தது. வந்தவர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். ஷென் ஜிங்ஃபு ஒரு யோசனை சொன்னார். இருக்கிற பஞ்சை எல்லாம் நூற்றுவிடுவோம், நூலை விற்ற காசில் பஞ்சு வாங்குவோம், அதை நூற்போம். ஓடுகிறவரை ஓடட்டும். நூல் விலை ஏறுமுகமாக இருந்தது. மில் நின்றுபோகவில்லை.

கைவிட்டவர்களையும் ஜாங் ஜியென் மறக்கவில்லை. நான்கு ஓவியங்கள் வரையச் சொல்லி மில்லில் மாட்டிவைத்தார். ஒன்றில் கொக்கும் காளானும் உருமாறுகின்றன. இன்னொன்றில் உள்ளே பொள்ளலான இரண்டு மரங்கள். வேறொன்றில் நஞ்சை ஒளித்துவைத்த நீர்ச்செடிகள். அந்தப் பறவை, மரப் பெயர்கள் எல்லாம் ஏமாற்றியவர்களின் பெயரில் உள்ள எழுத்துகள். பார்க்கிறவர்களுக்கு யார் யார் என்று புரிந்திருக்கும்.

‘தாஷெங்’ என்றால் என்ன பொருள்?

‘வானுக்கும் பூமிக்கும் உள்ள பெரிய அறம் உயிர் வாழச்செய்வதே’ என்ற பழஞ்சீன மறைவாக்கிலிருந்து எடுத்த இரண்டு எழுத்துகள். நூலின் முத்திரைப் பெயர் ‘குய்ஷிங்’, தேர்வெழுதுவோர் கும்பிடும் கல்வி விண்மீன்.

கடலோரத்து உப்பு நிலத்தை ஏன் வாங்கினார்?

பஞ்சுக்காக. மில்கள் பெருகப்பெருகப் பருத்தி விலை ஏறும், அந்நிய வணிகர்களும் அதே பருத்தியை வாங்க வருவார்கள் என்று கணக்குப் போட்டார். 1901-இல் தோங்ஹாய் நில மீட்பு நிறுவனத்தைத் தொடங்கினார். நம் கணக்கில் ஏறக்குறைய 20,000 ஏக்கர். கடல்நீர் ஏறும் வெறும் உவர்மண். கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, மழைநீரால் உப்பைக் கழுவி, ஹாய்மென் பக்கத்து உழவர்களைக் குடியேற்ற வேண்டும். 1905-இல் புயல் வந்து கரைகளை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார். பங்குதாரர்கள் லாபம் பார்க்கவே ஏறக்குறைய பத்தாண்டு ஆனது. ஆனால் பருத்தி விளைந்தது. அதைப் பார்த்து வடக்கே கடற்கரை நெடுக இதேபோன்ற நிறுவனங்கள் முளைத்தன. அவற்றில் பலவற்றில் இவரும் பணம் போட்டார். இதைப் பின்னால் மறுபடி பார்ப்போம்.

லாபத்தை என்ன செய்தார்?

முதலில் மில்லைச் சுற்றியே விரித்தார். மில் இருந்த தாங்ஜா என்ற இடத்தில் பருத்திக்கொட்டை ஆட்டும் எண்ணெய் ஆலை, தறியின் பாவு நூலுக்குக் கஞ்சி போட மாவு வேண்டுமே என்று மாவு மில், இயந்திரம் பழுதுபார்க்க இரும்புப் பட்டறை, சரக்கு ஏற்ற ஆற்றுத்துறை, கப்பல். ஒன்றின் கழிவு இன்னொன்றின் சரக்கு. 1907-இல் சோங்மிங்கில் இரண்டாவது மில், பிறகு ஹாய்மெனில் மூன்றாவது.

அடுத்தது பள்ளிக்கூடம். 1902-இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை நிறுவினார், அடுத்த ஆண்டு வகுப்புகள் தொடங்கின. சீனாவில் தனியார் நடத்திய முதல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி அது. முதலில் ஆசிரியரை உருவாக்கு, பள்ளிகள் தாமே வரும் என்பது அவர் வாதம். பெண்களுக்கும் தனியாக ஒன்று. 1912-இல் ஜவுளிக் கல்விக்கூடம், அது நாட்டின் முதல் ஜவுளிக் கல்லூரியாக வளர்ந்தது. மருத்துவம், வேளாண்மைக்கும் பள்ளிகள். 1916-இல் பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் ஒரு பள்ளி.

1905-இல் கட்டத் தொடங்கிய அருங்காட்சியகம் சீனர்கள் தாமே நிறுவிய முதல் அருங்காட்சியகம். முதலில் பெய்ஜிங்கில் அரசே ஒன்று கட்ட வேண்டும் என்று எழுதிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி, என் ஊரில் நானே கட்டுகிறேன் என்று இறங்கிவிட்டார். நாடக அரங்கு, பூங்காக்கள், நூலகம், வானிலை நிலையம், முதியோர் இல்லம் என்று பட்டியல் போகிறது. புகழ்பெற்ற மேடைக்கலைஞர் மெய் லான்ஃபாங் இங்கே வந்து நடித்தார். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டியூயி 1920-இல் வந்து உரையாற்றினார்.

எனக்கு இவற்றில் மனதுக்கு நெருக்கமானது பூத்தையல் பள்ளி. சூஜோவைச் சேர்ந்த ஷென் ஷோவ் அந்தக் காலத்தில் சீனாவின் முதல்தரப் பூத்தையல் கலைஞர். அவரை 1914-இல் வரவழைத்துப் பள்ளியை ஒப்படைத்தார். அவர் நோயில் படுத்தபோது, ஊசியும் நூலும் நிறமும் பற்றி அவருக்குத் தெரிந்தவை அவரோடு மறைந்துவிடக்கூடாது என்று, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கேட்டுத் தன் கையால் எழுதிப் புத்தகமாக்கினார். நாட்டின் முதல் புலவர் ஒரு தையல்காரப் பெண்ணுக்கு எழுத்தராக இருந்தார். 1921-இல் ஷென் ஷோவ் இறந்தார்.

தொழிலாளர்களை எப்படி நடத்தினார்?

இதை மறைக்கக்கூடாது. தாஷெங் மில்லிலும் அக்காலத்து மற்ற மில்களைப்போலப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்தான். பெண்களும் சிறுவர் சிறுமியரும் வேலை செய்தார்கள். பலர் சுற்று ஊர்களிலிருந்து நடந்தே வந்தார்கள். ஊருக்குக் கிடைத்த பூங்காவும் அரங்கும் அவர்கள் உழைப்பில் வந்தவை. சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் மில் தொடங்கக்கூடாது என்று அரசிடம் சலுகை வாங்கி, முயன்றவர்களைத் தடுத்தும் இருக்கிறார். ஊரை ஆள்வதில் அவரும் அண்ணன் ஜாங் சாவும் வைத்ததுதான் சட்டம். நல்லது செய்தார் என்பதும் கேள்வி கேட்க ஆளில்லாமல் செய்தார் என்பதும் இரண்டுமே உண்மை.

அரசியலில் இருந்தாரா?

இருந்தார், பெரிதாகவே. 1903-இல் ஜப்பானுக்குப் போய்வந்த பிறகு அரசியலமைப்பு வேண்டும், நாடாளுமன்றம் வேண்டும் என்ற இயக்கத்தின் முன்னணியில் நின்றார். 1909-இல் ஜியாங்சு மாகாண அவைத் தலைவர். 1912 பிப்ரவரியில் கடைசிப் பேரரசர் முடிதுறந்த அறிவிப்பின் வரைவு இவருடையது என்று பலரும் கருதுகிறார்கள். புதிய குடியரசின் முதல் தற்காலிகத் தலைவர் சன் யாட்சென்னின் நான்ஜிங் அரசில் தொழில் அமைச்சர், பிறகு யுவான் ஷிகாயிடம் வேளாண்மை, வணிக அமைச்சர். பஞ்சும் இரும்பும்தான் நாட்டைத் தூக்கி நிறுத்தும் என்பது அவர் கொள்கை. பழைய மாணவர் யுவான் தானே பேரரசராக முடிசூடப் பார்த்தபோது 1915-இல் விலகி ஊருக்கு வந்துவிட்டார்.

பிறகு ஏன் தாஷெங் சரிந்தது?

முதல் உலகப்போரின்போது ஐரோப்பியச் சரக்கு வராமல் போகவே சீன மில்களுக்கெல்லாம் பொற்காலம். அந்த ஆண்டுகளில் வந்த பணத்தை ஒதுக்கி வைத்திருந்தால் தப்பித்திருக்கலாம். ஒதுக்கவில்லை.

ஒரு காரணம் அன்றைய வழக்கமான ‘குவான்லி’. பங்கு வாங்கியவருக்கு லாபமோ நட்டமோ ஆண்டுக்கு 8 சதவீதம் கட்டாயம் கொடுத்தாக வேண்டும், மில் ஓடத் தொடங்குவதற்கு முன்பிருந்தே. பெயர்தான் பங்கு, உண்மையில் கடன். அதற்கு மேல் லாபப் பங்கு வேறு. தேய்மானத்துக்கு எடுத்துவைக்க மிச்சம் என்ன இருக்கும்?

இன்னொரு காரணம் ஜாங் ஜியெனேதான். தன் பணம், மில் பணம், ஊர்ப் பணம் என்று பேரேட்டில் கோடு இருந்தாலும் அவர் மனதில் கோடு இல்லை. புதுப் பள்ளிக்குக் குறைகிறதா, தாஷெங் கணக்கிலிருந்து எடு. நில மீட்பு நிறுவனம் புயலில் மாட்டிக்கொண்டதா, தாஷெங் பெயரில் கடன் வாங்கு. கடற்கரை நிறுவனங்கள் விழுங்கிய பணம் கொஞ்சநஞ்சமில்லை. அவை திருப்பித் தரும் நிலையில் இல்லை.

இந்த நிலையில் 1922 வந்தது. பஞ்சு விலை ஏறி நூல் விலை இறங்கியது. போர் முடிந்ததும் ஜப்பானிய மில்கள் ஷாங்காயில் வரிசையாக எழும்பியிருந்தன. ஆட்சிக்காக மோதிய படைத்தளபதிகளின் சண்டைகளால் மஞ்சூரியாவுக்குத் துணி போவது தடைப்பட, நான்தோங் நெசவாளர்கள் நூல் வாங்குவது குறைந்தது. ஆண்டாண்டாக லாபம் காட்டிய மில் பெரும் நட்டம் காட்டியது. வெளிநாட்டுக் கடனுக்கு அலைந்து பார்த்தார், கிடைக்கவில்லை. 1925-இல் கடன் கொடுத்த ஷாங்காய் வங்கிகள் கூட்டாக வந்து மில் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டன.

அவரைப் ‘பெரிய, தோற்றுப்போன வீரர்’ என்று அறிஞர் ஹூ ஷி சொன்னது சீனாவில் இன்றும் மேற்கோளாக ஓடுகிறது. எனக்கு ‘தோற்றுப்போன’ என்பதில் உடன்பாடில்லை. பங்குதாரர்களுக்கு அவர் நல்ல மேலாளராக இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மில் அவருக்கு ஒருநாளும் முடிவாக இருந்ததில்லை. அது ஊருக்கான வழி. அந்த ஊர் நின்றுவிட்டது.

கடைசி நாள்கள்?

1926 ஆகஸ்ட் 24 அன்று நான்தோங்கில் காலமானார். நாற்பது ஆண்டு கழித்து, 1966-இல், மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சியின் வெறியில் அவர் கல்லறையை உடைத்தார்கள். பெரும் முதலாளியின் புதையலைத் தேடியவர்களுக்குக் கிடைத்தவை ஒரு தொப்பி, ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு விசிறி, சின்னப் பெட்டிகளில் பால்பல் ஒன்றும் பிறந்தமுடியும்.

இன்று நான்தோங்கில் என்ன பார்க்கலாம்?

2020-இல் யாங்சி மேல் புதிய ரயில் பாலம் திறந்தபிறகு ஷாங்காயிலிருந்து போவது எளிது. அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். பழைய கட்டடங்களும் தோட்டமும் அப்படியே இருக்கின்றன. ஜவுளியில் ஆர்வம் உள்ளவர்கள் ஹாய்மெனில் தியெஷிசியாவ் சந்தைக்கும் போக வேண்டும். போர்வை, படுக்கை விரிப்பு, தலையணை உறைக்கு உலகின் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று அது. தாங்ஜாவுக்குக் கடைசியில் போங்கள், சாயங்காலமாகப் போனால் நல்லது. கால்வாய் ஓரத்தில் பழைய மில்லின் மணிக்கூண்டு நிற்கிறது, 1915-இல் கட்டியது. ஷிப்டுக்கு நடந்து வந்தவர்கள் அண்ணாந்து பார்த்த கடிகாரம் அதுதான்.